அதிபத்தர் விட்ட மீன்

விடியலுக்கு முன் சென்னையின் பட்டினப்பாக்கத்துக் கரையிலோ பெசன்ட் நகர்க் கரையிலோ தூண்டில் போட வந்து நிற்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ராடைப் பொருத்தி, ரீலை மாட்டி, ஈயக்குண்டைக் கட்டி, முள்ளில் இறாலைக் கோத்து எல்லாம் ஆன பிறகு, வீசுவதற்கு முன்னால் ஒரு கணம் நிற்பார்கள். ஒருவர் குனிந்து அலைநீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இன்னொருவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போடுவார். வேறொருவர் வாய்க்குள்ளேயே ஒரு பெயரைச் சொல்லிக்கொள்வார். குப்பத்துக்காரர்கள் படகை அலைக்குள் தள்ளும்போது செய்வதும் இதுதான். நகரத்திலிருந்து தூண்டிலோடு போகிற எங்களைப் போன்றவர்கள் அவர்களைப் பார்த்துத்தான் பழகினோம். இவை எல்லாமே மீன் வருவதற்கு முன்னால் நடக்கின்றன. மீன் வந்த பிறகு தனியாக ஒரு கும்பிடு வேண்டும் என்று யாரும் வைத்துக்கொள்ளவில்லை. கரைத் தூண்டிலில் நெடுநாள் பழகியவன் என்ற முறையில் நான் சொல்ல வருவதும் இந்த வரிசையைப் பற்றித்தான். அலைக்கரையில் நின்று கடவுளுக்கு நன்றி சொல்வது சரியான காரியம். ஆனால் அந்த நன்றி வந்த மீனின் கனத்தைப் பார்த்துக் கூடவோ குறையவோ கூடாது. மீன் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். வாயால் சொல்வதோடு நின்றுவிடாமல், கையில் இருப்பதில் ஒன்றை விட்டுக்கொடுப்பதாகவும் இருக்க வேண்டும்.

கரையில் நிற்பவனின் கைக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். கற்றுக்கொள்ளக் கூடியது நிறைய இருக்கிறது. அலை தூரத்தில் ஓரிடத்தில் உடைந்து, அடங்கி, கரைக்குப் பக்கத்தில் மறுபடி உடைந்தால் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது என்று பொருள். முதலில் உடைந்த இடம் மணல்திட்டு. திட்டின்மேல் அலை புரட்டிப்போடும் புழுவையும் சிறு மண்நண்டையும் தின்பதற்குக் கிழங்கானும் பாறைக்குஞ்சும் அந்தப் பள்ளத்து வழியாகத்தான் மேய்ந்துகொண்டு வரும். ஆகவே எவ்வளவு தூரம் வீசினோம் என்பதைவிட ஈயம் எங்கே போய் விழுந்தது என்பதுதான் முக்கியம். கைவலு இருக்கிறது என்று பள்ளத்தைத் தாண்டி வீசுகிறவனுக்குக் கடி கிடைக்காது. சென்னைக் கடலில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட இரண்டுக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர்தான் வித்தியாசம். ஒவ்வொரு நாளும் ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். மாசி, பங்குனியில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். வாடை அடிக்கும் நாளில் கடல் ஒரு மாதிரி, கச்சான் அடிக்கும் நாளில் வேறு மாதிரி. கொண்டல் வலுத்தால் போட்ட ஈயம் போட்ட இடத்தில் நிற்காது. இவற்றை ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பெரியவர்கள் நீரைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் பல வருஷம் நனைந்து கற்கிறோம். இவ்வளவும் பொருந்திவந்த காலையில் ஒரு கடிகூட இல்லாமல் போவதுண்டு. எதுவுமே பொருந்தாத காலையில் முள் நீரில் விழுந்த கையோடு காலா இழுத்துக்கொண்டு ஓடுவதுமுண்டு.

திறமைக்குப் பலன் இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. பழகியவனுக்கும் புதியவனுக்கும் வருஷக் கணக்கில் பார்த்தால் நிச்சயம் வித்தியாசம் இருக்கும். ஆனால் திறமை செய்வது ஒன்றே ஒன்றுதான்: மீன் இருக்கும் இடத்துக்கு முள்ளைக் கொண்டுபோகிறது. மீனை அது உண்டாக்குவதில்லை. மடவையை எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் முட்டையிடும் மீன் அது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஆற்றுக் கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து, பெருத்த பிறகு மறுபடி கடலுக்குத் திரும்பும். ஒரு பெண்மடவை இடுவது லட்சக்கணக்கான முட்டைகள். அவற்றில் பிழைத்து வளர்வது மிகச் சில. அடையாற்று முகத்துவாரமோ கோடையில் மணல் ஏறி அடைத்துக்கொள்ளும் இடம். மழைக்காலத்து வெள்ளம் வந்து உடைக்க வேண்டும், இல்லையென்றால் இயந்திரம் வைத்து வெட்டிவிட வேண்டும். உள்ளே வருகிற நீரில் பாதி நகரத்தின் சாக்கடை. 1977-இல் இடிந்துபோய் இன்றும் நிற்கிற அந்த உடைந்த பாலத்தடியில் ஒரு மடவை வெள்ளிபோலத் துள்ளுகிறது என்றால், அது அடைபட்ட வாயையும் அழுகிய நீரையும் கொக்கையும் வலையையும் தாண்டி வந்திருக்கிறது. உழவர் விதைக்கிறார், களையெடுக்கிறார், தண்ணீர் பாய்ச்சுகிறார். விளைச்சலில் தன் பங்கு இது என்று அவர் சொல்லிக்கொள்ள இடமுண்டு. அலையில் நிற்பவன் அறுவடைக்கு மட்டுமே வருகிறான். அவன் விதைத்தது எதுவும் அந்தக் கடலில் இல்லை. இந்த நிலையில் நன்றி என்பது நல்லவர்களுக்கு மட்டும் வரும் உணர்ச்சி என்று நான் நினைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்வது அது.

இந்த ஊரில் பகுத்தறிவுவாதத்துக்கு வலுவான மரபு இருக்கிறது. அங்கிருந்து வரும் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. வடகிழக்குப் பருவமழை ஆற்று வண்டலைக் கடலில் கொட்டுகிறது. அதை உண்டு நுண்பாசி பெருகுகிறது. பாசியைத் தேடி நெத்திலியும் கவலையும் கரைக்கு வருகின்றன. அவற்றைத் துரத்திக்கொண்டு பாறையும் சீலாவும் வருகின்றன. எல்லாவற்றுக்கும் காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும்போது நடுவில் கடவுளுக்கு என்ன வேலை? கேள்வி நியாயமானது. ஆனால் நன்றி சொல்கிறவன் காரணத்தை விளக்கப் புறப்படவில்லையே. அரிசி எந்த மண்டியிலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டதால் பந்தியில் சோறு போட்டவர்களுக்குச் சொல்லும் நன்றி குறைந்துவிடாது. எத்தனை படிகளைத் தாண்டி அந்த மீன் என் முள்ளுக்கு வந்தது என்று தெரியத் தெரிய, அந்தப் படிகளில் ஒன்றைக்கூட நான் கட்டவில்லை என்பதும் சேர்ந்து தெரிகிறது. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: அறிவு இல்லாத நன்றி கடற்கரையில் வழிதவறிப் போகும். 2019 ஆகஸ்டில் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. ஊரே திரண்டுபோய்ப் பார்த்தது. தெய்வ அற்புதம் என்று கைகூப்பியவர்களும் உண்டு. நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகியதால் வந்த ஒளி அது. அது மிதமிஞ்சிப் பெருகினால் நீரில் பிராணவாயு குறையும், மீனுக்கு இரையாகிற பாசி அழியும் என்று கடல் ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். கண்ணுக்கு அழகாக இருப்பதை எல்லாம் கொடை என்று எடுத்துக்கொண்டால் கடலின் நோயைப் பார்த்தும் கும்பிட்டுக்கொண்டிருப்போம்.

யாருக்கென்று இல்லாமல் பொதுவாக நன்றியோடு இருந்தால் போதாதா என்று இன்னும் மென்மையாகக் கேட்பவர்கள் உண்டு. கடவுள் நம்பிக்கை இல்லாமலே கடலிடம் பணிவாக நடந்துகொள்கிறவர்களை இந்தக் கரையில் பார்க்கலாம்; அவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் அனுபவம் வேறு ஒன்றைச் சொல்கிறது. யாருக்கென்று இல்லாத நன்றி, மனநிலையோடு சேர்ந்து வந்து மனநிலையோடு சேர்ந்து போய்விடுகிறது. காலையில் கொடுவா விழுந்தால் உலகமே நன்றாகத் தோன்றும். தங்கூசி நூல் அறுந்து, ஈயம் போய், வெயில் ஏறி, வெறும் பையோடு திரும்பும்போது அந்த உணர்ச்சி இருந்த சுவடு தெரியாது. ஒருவருக்குச் சொல்ல வேண்டியது என்று வைத்துக்கொண்டால்தான் வெறும் பையோடு திரும்பும் நாளிலும் அந்தக் கடன் நிற்கிறது. நன்றியின் உண்மையான சோதனை அந்த வெறும் பை என்பதற்குத் தமிழ்க் கடற்கரையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது.

அவர் அதிபத்தர். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் மீனவர்களின் தலைவர். சென்னைக்குப் பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் அவர் கதையைச் சொல்கிறார். வலையில் எத்தனை மீன் பட்டாலும் அதில் சிறந்த ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவருடைய வழக்கம். ஒரு காலத்தில் வரத்து குறைந்து, நாளுக்கு ஒரு மீன்தான் பட்டது. அந்த ஒன்றையும் விட்டுவிட்டு வீடு திரும்பினார். பல நாள் இப்படியே போனது. செல்வம் கரைந்தது, சுற்றத்தார் பசியில் வாடினார்கள். கடைசியில் ஒரு நாள் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வலையில் வந்தது, அன்றைக்கும் அது ஒன்றுதான். உலகமே விலைபெறும் என்று பரதவர்கள் வியந்த அந்த மீனையும் அவர் வழக்கம்போல விட்டுவிட்டார். மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் மாட வீதியில் வரும்போது அவரும் அந்த வரிசையில் வருகிறார். வீதி முழுக்க நீர்மோரும் அன்னதானமுமாக இருக்கும் அந்த நாளில், மீன் பக்கமே போகாத வீட்டுக்காரர்களும் மீன் பிடித்த அடியாருக்குக் கைகூப்புகிறார்கள். நாகப்பட்டினத்திலோ ஆவணி மாதத்தில் அவருக்கென்றே கடற்கரையில் விழா நடக்கிறது; பொன்மீனைக் கடலில் விட்ட நிகழ்ச்சியை மீனவர்கள் கடலுக்குள்ளேயே போய் நடத்திக் காட்டுகிறார்கள்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் பொன்மீனுக்காகச் சொல்வார்கள்: ஆசையை வென்றார், இறைவன் காட்சி கொடுத்தான் என்று முடிப்பார்கள். தூண்டில்காரன் கண்ணுக்குப் பொன்மீனைவிட அந்த எண்ணிக்கைதான் பெரிதாகத் தெரிகிறது. அதிபத்தர் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளவில்லை. அப்படி வைத்திருந்தால் வரத்து பெருகும் நாளில் அதிகமும், குறைந்த நாளில் ஒன்றுமில்லாமலும் போயிருக்கும். ஒரு மீன் என்று வைத்துக்கொண்டார். நூறு மீன் பட்ட நாளில் அது ஒன்றுமே இல்லை. ஒரு மீன் பட்ட நாளில் அதுவே எல்லாம். வரவு ஏறி இறங்கினாலும் நன்றி மாறவில்லை. இதில் மனம் உறுத்தும் இடமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அவர் விட்ட மீனுக்காக வீட்டார் பட்டினி கிடந்தார்கள் என்று சேக்கிழாரே சொல்கிறார். பிள்ளைகள் பசித்திருக்கும்போது கடைசி மீனைக் கடலில் விடச் சொல்லி நான் யாரையும் கேட்க மாட்டேன். கேட்கும் தகுதியும் எனக்கில்லை. புராணம் ஓர் எல்லையைக் காட்டுகிறது. அந்த எல்லையிலிருந்து எவ்வளவு தொலைவில் நாம் நிற்கிறோம் என்று அளந்துபார்க்க அது உதவுகிறது. வீட்டில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்க, பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட வந்தவன் ஒரு நல்ல மீனை விடத் தயங்கும்போது அதிபத்தரை நினைத்துப் பார்ப்பது நியாயம்தான்.

மயிலாப்பூருக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கும் சாந்தோம் பேராலயத்திலும் இதே பொருளுக்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. இங்கே அடக்கம் செய்யப்பட்டவர் என்று கிறிஸ்தவர்கள் நம்பும் தோமையார், யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில் ஒரு படகில் இருக்கிறார். மீன்பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பிய பேதுருவோடு திபேரியக் கடலில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். இரவெல்லாம் வலை வெறுமை. விடியும்போது கரையில் நிற்கும் ஒருவர் படகின் வலப்பக்கம் வலையைப் போடச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள் படுகின்றன. அந்த எண்ணிக்கைக்கு விளக்கம் எழுதியவர்கள் நிறைய. எனக்கு அதற்கடுத்து வரும் சிறு செய்திதான் பெரிதாகப் படுகிறது. அவர்கள் வலையை இழுத்துக்கொண்டு கரையேறிப் பார்த்தபோது அங்கே ஏற்கெனவே கரிநெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் மீன் இருக்கிறது, பக்கத்தில் அப்பம் இருக்கிறது. அவர்கள் பிடித்த மீன் கரைக்கு வருவதற்கு முன்பே காலைச் சாப்பாடு தயார். பிடித்ததிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார், அவ்வளவுதான். மீனவனின் உழைப்பு அங்கே மறுக்கப்படவில்லை. அது முதலில் வரவில்லை என்பது மட்டும் காட்டப்படுகிறது. நாகைக் கதை மீனை விட்டுவிடுகிறது, திபேரியக் கதை மீனைச் சுட்டுத் தின்கிறது. இருந்தும் வரவுக்கு முந்தியது கொடை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. வீசுவதற்கு முன்னால் அலைநீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கை இதைப் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. ஆனால் செய்வது இதைத்தான்.

இத்தனையும் சொன்ன பிறகு 2004 டிசம்பர் 26-ஐத் தாண்டிப் போக யாருக்கும் உரிமை இல்லை. பௌர்ணமி நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம், ஊரூர் குப்பம் என்று இந்தக் கரை முழுவதையும் ஆழிப்பேரலை அடித்தது. அதிபத்தரின் நாகப்பட்டினத்தில், அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும், ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களையும் கடல் கொண்டுபோனது. ஆழ்கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களில் பலர் பிழைத்து, கரையில் இருந்த பெண்டு பிள்ளைகளை இழந்தார்கள். மீன் கொடுத்ததற்கு நன்றி சொல்கிறவன் இதற்கு என்ன சொல்வான்? நன்றி என்பது வரவுக்குப் பதில் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கு முன் அது நொறுங்கிப்போகும், நொறுங்கவும் வேண்டும். ஏன் நடந்தது என்பதற்குக் கடல்படுகையின் நிலநடுக்கம் என்ற விளக்கத்துக்கு மேல் எதையும் நான் சொல்லத் துணிய மாட்டேன். பிழைத்தவர்களைக் கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லி, போனவர்களைக் கைவிட்டார் என்ற பொருள் வரும்படி பேசுவது பெரிய தவறு. நான் சொல்லக்கூடியது அந்தக் கரை மக்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான். வருஷா வருஷம் அதே நாளில் இந்தக் கடற்கரையில் மக்கள் கூடுகிறார்கள். பறித்துக்கொண்ட அதே கடலில் பால் ஊற்றுகிறார்கள், பூத் தூவுகிறார்கள். சாவுக்கு அவர்கள் நன்றி சொல்லவில்லை. அழுகையோடுதான் ஊற்றுகிறார்கள். கடலோடும் அதற்கு அப்பால் இருப்பவரோடும் உள்ள உறவை அவர்கள் வெட்டிக்கொள்ளவில்லை. கொடுத்தபோது மட்டும் இருந்த உறவு என்றால் அது அன்றைக்கே அறுந்துபோயிருக்கும்.

அந்த மக்களைச் சொன்னவுடன் இன்னொரு ஆட்சேபம் எழுகிறது. அவர்களுக்குக் கடல் பிழைப்பு. தூண்டிலோடு போகிறவனுக்கோ ஆசை. மாதச் சம்பளம் உறுதியாக இருக்கிறவன் அலையில் நின்று கடவுளுக்கு நன்றி என்று நெகிழ்வதில் என்ன பெருமை? இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் நன்றியும் அவர்கள் நன்றியும் ஒரே எடை இல்லை. அலை பெரிதாக இருந்தால் நாங்கள் திரும்பிப்போய்க் காபி குடிப்போம். அவர்கள் போயாக வேண்டும். ஆகவே எங்களுக்குக் கட்டுப்பாடு கூட வேண்டும். கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தூண்டில் வீசக் கூடாது. பிடித்ததை விற்கக் கூடாது. விற்றால் இன்னொருவரின் அடுப்பில் கைவைக்கிறோம். திரும்பும் வழியில் மீன் விற்கும் அம்மாக்களிடம் பேரம் பேசாமல் வாங்கவேண்டும். முதல் போணிக் காசை வாங்கிய அந்தக் கை அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். தாளில் செதில் ஒட்டியிருக்கும், ஈரம் இருக்கும், அதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. கடவுளின் கொடை எங்களை வந்து சேரும் வழிகளில் அந்தக் கையும் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டு வீடுகளுக்குள் புகுந்தபோது, குப்பத்து மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டுபோனார்கள். கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு அவர்களை மறந்துவிட்டால் அந்த நன்றிக்கு ஒரு மதிப்பும் இல்லை.

நாம் நிற்கும் மணலுக்குக்கூட ஒரு கணக்கு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் எழுந்தது. வடக்கு நோக்கி நகரும் மணல் அதில் தடுபட்டுத் தெற்கே மெரினாவாக அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. தெற்கே இருப்பவர்களுக்கு வந்த பரந்த கடற்கரை வடக்கே இருப்பவர்கள் இழந்த நிலத்தின் மறுபக்கம். இதைக் கடவுள் எங்களுக்கென்று தந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மனிதர் செய்ததை மனிதர் பேரில்தான் எழுத வேண்டும்.

கொன்று தின்னும் உயிருக்காக இறைவனுக்கு நன்றி சொல்வது முரண் இல்லையா என்பது மயிலாப்பூரில் அடிக்கடி கேட்கும் கேள்வி. மீனைத் தொடாதவர்கள் அப்படிக் கேட்பதை நான் மதிக்கிறேன். என் பதில்: எந்த உயிருக்காக நன்றி சொல்ல வாய் கூசுகிறதோ அதைப் பிடிக்கக் கூடாது. இந்த ஒரு விதியே எத்தனையோ வேண்டாத கொலையைத் தடுக்கும். அன்றைக்குச் சமைக்கப்போவதற்கு மேல் எடுக்க மனம் வராது. எடுத்ததை மணலில் துடிக்கவிட்டு வேடிக்கை பார்க்கவும் வராது. உடனே முடித்துவிடத் தோன்றும். அறுந்த தங்கூசியைக் கரையில் விட்டுவிட்டு வரவும் மனம் ஒப்பாது. ஏனென்றால் அது பங்குனி ஆமையின் கழுத்திலோ துடுப்பிலோ சுற்றிக்கொள்ளும். தை தொடங்கிப் பங்குனிவரை முட்டையிட இந்தக் கரைக்கு வரும் அந்த ஆமைகள் 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. அவை மூச்சுக்கு மேலே வர முடியாமல் பெரிய வலைகளில் சிக்கி மாண்டவை என்றே பேசப்பட்டது. தூண்டிலால் அந்த அளவு அழிவு வராது என்பது உண்மைதான். அதற்காக எங்கள் பங்கு இல்லாமல் போய்விடாது.

மீனை விடுவதிலும் ஒழுங்கு வேண்டும். இப்போது பிடித்து விடுவது இளைஞர்களிடம் பரவியிருக்கிறது, நல்ல காரியம். ஆனால் படம் எடுப்பதற்காக மீனைக் காய்ந்த மணலில் கிடத்தி, மூவர் கைமாற்றி, நிமிஷக் கணக்கில் வெயிலில் காட்டிவிட்டுக் கடலில் எறிந்தால் அது நீந்திப் போகிற மாதிரித் தெரியும், அன்று மாலையே சாகும். மீனின் உடம்பில் உள்ள வழுவழுப்பு அதற்குக் கவசம். காய்ந்த கை பட்டால் அது உரிந்துபோகும், பிறகு நோய் பற்றும். கையை முதலில் நனைக்க வேண்டும். கூடுமானவரை மீனை நீரிலேயே வைத்துக்கொண்டு, முள்ளை வந்த வழியிலேயே திருப்பி எடுக்க வேண்டும். ஆழமாக விழுங்கியிருந்தால் தோண்டாமல் தங்கூசியை வாய்க்குப் பக்கத்தில் வெட்டிவிடுவது மேல். அலை வரும் திசைக்குத் தலை இருக்கும்படி வயிற்றைத் தாங்கிப் பிடித்தால் செவுள் திறந்து மூடுவது உள்ளங்கையில் தெரியும். வால் தானாக உதைக்கும்போதுதான் கையை எடுக்க வேண்டும். கெளுத்தியாக இருந்தால் முதுகிலும் இரு பக்கமும் உள்ள முள்ளில் விஷம் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கெளுத்தியில் ஆண்தான் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் குஞ்சு பொரிக்கும்வரை இரை எடுக்காமல் சுமக்கிறது. வாய் நிறைய முட்டையோடு அது வலையில் வந்துவிட்டால் அதைக் கூடையில் போடும் கையை நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கும்.

எந்த மீனை விடுவது என்பதில்தான் பெரும்பாலும் எல்லாரும் தவறுகிறோம். விரல் நீளக் குஞ்சை விட்டுவிட்டு நன்றி செலுத்திவிட்டதாக நினைக்கிறோம். குஞ்சை விடுவது கடமை. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் நியாயமே இல்லை. அதிபத்தர் விட்டது சிறந்த மீனை. பக்திக் கதையில் வரும் இந்த நிபந்தனையை மீனியலும் வேறு வழியில் வந்து ஏற்கிறது. கொடுவா பிறக்கும்போது பெரும்பாலும் ஆண். சில வருஷம் ஆணாக இருந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிறது. ஆகவே முகத்துவாரத்தில் கிடைக்கும் மிகப் பெரிய கொடுவாக்கள் எல்லாமே அநேகமாகத் தாய்மீன்கள். ஒரு பெரிய தாய் இடும் முட்டை லட்சக் கணக்கைத் தாண்டிப்போகும். பத்துச் சிறிய மீனை விட்டாலும் அதற்கு ஈடாகாது. அடையாற்று வாய் திறந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையில், கலங்கல் நீரும் கடல் நீரும் சேரும் கோட்டில் ராட் வளைந்து, கைநோக இழுத்துக் கரைசேர்த்த மீன் அதுவாக இருந்தால், வீட்டில் குழம்புக்குப் புளி கரைத்து வைத்திருந்தாலும் அதைத்தான் விடவேண்டும். அதற்கடுத்து ஒரு கிழங்கானோ மடவையோ வந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வராவிட்டால் வரும் வழியில் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.